வாடும் மரமும் நாடும் அறமும்

மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை அறநூல்கள் விரித்துரைக்கின்றன. வாயில்லா விலங்குகளுக்குக் காட்ட வேண்டிய அருளையும் அவை வற்புறுத்துகின்றன. ஆனால், வீட்டு முற்றத்தில் நிற்கும் மரமொன்று நோயுற்று வாடினால் நாம் செய்யத்தக்கது யாது என்னும் வினா, பெரும்பாலும் தோட்டக்காரருக்கு உரிய வினாவாகவே ஒதுக்கப்படுகிறது. உரமிடுதலும் நீர் ஊற்றுதலும் மருந்து தெளித்தலும் தொழில் நுட்பங்கள் அல்லவா, அவற்றுள் அறம் எங்கே வந்தது என்று கேட்பாரும் உளர். சற்று ஆழ்ந்து நோக்கினால், அன்பு, அறிவு, பொறுப்பு ஆகிய மூன்றும் அவ்வினாவினுள் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

குழந்தைக்கு நோவு வந்தால் அழும். கன்று துன்புற்றால் கதறும். மரமோ இலையின் நிறத்தாலும் கிளையின் தளர்ச்சியாலும் மட்டுமே தன் நிலையை உணர்த்தும். அதனையும் காலம் தாழ்த்தியே உணர்த்தும். இவ்வாண்டு வேர் பட்ட புண், சில ஆண்டுகள் கழிந்த பின்னரே உச்சிக் கிளையில் தெரியும். தன் துன்பத்தை எடுத்துரைக்க இயலாத ஓர் உயிரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பது நம் அன்பின் தரத்தை அளக்கும் உரைகல் ஆகும். ஏனெனில், அங்கே நம்மைத் திருத்துவதற்கு எதிர்க்குரல் இல்லை. நாம் தவறான மருந்தை இட்டாலும் மரம் மறுக்காது.

தமிழ் மரபு கண்ட மரம்

தமிழர் மரத்தைச் சடப்பொருளாகக் கருதியவர் அல்லர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் அளவால் வகுக்குமிடத்து, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என முதற்படியில் வைக்கிறது. தொடுதலை உணரும் அறிவு மரத்திற்கு உண்டு என்பது அதன் கருத்து. நற்றிணையின் 172ஆம் பாடலில், பால் ஊற்றி வளர்த்த புன்னை மரத்தைத் தலைவியின் தாய் அவளுக்கு உடன்பிறந்தாள் முறையாகக் காட்டுகிறாள். ஆதலின், அம்மர நிழலில் தலைவனோடு பேசிச் சிரிக்கத் தலைவிக்கு நாணம் உண்டாகிறது. மரத்தோடு உறவு கொண்டாடிய மக்கள் நம் முன்னோர்.

எனினும், உறவு கொண்டாடுதல் வேறு. உறவினரின் நோயை அறிதல் வேறு. தாய்க்குப் பிள்ளையின்மேல் அன்பு குறைவதில்லை. ஆயினும் நோய் இன்னதென்று அறிய மருத்துவரை நாடுகிறாள். வடமொழியில் சுரபாலர் இயற்றிய ‘விருட்சாயுர்வேதம்’ என்னும் நூல், ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படுவது. மனித உடலுக்குக் கூறப்படும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றையும் அது மரங்களுக்கும் பொருத்தி, நோய்க்குறிகளையும் மருந்துகளையும் கூறுகிறது. இன்றைய அறிவியல் அவ்வகைப்பாட்டை ஏற்பதில்லை. ஆயினும், மரத்தின் வாட்டத்திற்குக் காரணம் உண்டு, அக்காரணத்திற்கேற்ப மருந்து வேறுபடும் என்ற அடிப்படை எண்ணம் அந்நூலில் இருப்பது போற்றத்தக்கது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இவ்வெண்ணத்திற்கு ஒழுங்குமுறையே வகுத்துத் தருகிறது. முதலில் நோய் எது எனத் தெளிதல். அடுத்து அந்நோயின் காரணத்தைத் தேடுதல். பின்னர் அதனைத் தணிக்கும் வழியை ஆராய்தல். இறுதியில் பிழையின்றிச் செயற்படுதல். மருத்துவ மாணவர்க்கு மட்டுமன்றி, பிற உயிர்க்கு உதவ முற்படும் எவர்க்கும் உரிய ஒழுங்கு இது. இவ்வரிசையில் செயல் கடைசியில் நிற்கிறது. நாமோ பெரும்பாலும் அதனை முதலில் வைத்துவிடுகிறோம்.

கேலாங் முற்றத்தில் ஒரு மேப்பிள்

இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம். சிங்கப்பூரின் கேலாங் வட்டாரம் ஒரு காலத்தில் தென்னந்தோப்புகள் நிறைந்திருந்த நிலம். இன்று கேலாங் சாலையின் ஒரு புறம் ஒற்றைப்படை எண்களும் மறுபுறம் இரட்டைப்படை எண்களுமாக லோரோங்குகள் பிரிந்து செல்கின்றன. கடைவீடுகளும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில், சிமெண்டுத் தரைக்கு நடுவே தொட்டியில் செடி வளர்த்துப் பசுமை காண்பவர் பலர். அத்தகைய வீடொன்றில், அழகுக்காக வாங்கிய ஜப்பானிய மேப்பிள் மரமொன்று நிற்பதாகக் கொள்வோம். விரல் விரித்த கை போன்ற அதன் இலைகள், வாங்கியபோது செந்நிறத்தில் ஒளிர்ந்தன. சில மாதங்களில் இலையோரங்கள் பழுப்பேறிக் கருகின, துளிர்கள் சுருங்கின, ஒவ்வொரு கிளையாக வறண்டது.

வீட்டுக்காரர் அன்புடையவர். வாட்டத்தைக் கண்டதும் மிகுதியாக நீர் ஊற்றுகிறார். தேறவில்லை என்றதும் உரம் இடுகிறார். பிறகு பூச்சியோ என்று ஐயுற்று மருந்து தெளிக்கிறார். மூன்றும் அன்பினால் செய்தவையே. ஆனால், மூன்றும் அம்மரத்திற்குத் தீங்கே செய்திருக்கக்கூடும்.

இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீரின்றி வாடும் செடிக்கும் நீர் மிகுந்து வேர் அழுகும் செடிக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. மண்ணில் நீர் தேங்கினால் வேருக்கு உயிர்வளி கிட்டாது. மூச்சற்ற வேர் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே நீரின் நடுவிலேயே மரம் தாகத்தால் வாடும். அவ்வாட்டத்தைக் காண்பவர் மேலும் நீர் ஊற்றுவார். உரத்தின் கதையும் இத்தகையதே. தொட்டி மண்ணில் உரத்தின் உப்பு சேரச் சேர வேர் நுனிகள் கருகும். அதன் அடையாளமும் இலையோரத்தில் பழுப்பாகவே தோன்றும். குறி ஒன்றாயினும் காரணம் பலவாதலின், குறியைக் கண்டதும் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பது மருத்துவம் ஆகாது.

அறிந்த தோட்டக்கலைஞர் எவ்வாறு தொடங்குவார்? முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார், பிறகு வினவுவார். வாட்டம் மரம் முழுவதும் ஒரே சீராக உள்ளதா, அன்றி ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளதா? சீராக இருப்பின் வெயில், வறட்சி, உப்பு, நீர்த்தேக்கம் முதலிய உயிரற்ற காரணங்களை ஐயுறலாம். ஒரு கிளை வாட, மற்றொரு கிளை செழித்திருப்பின் பூஞ்சையையோ பூச்சியையோ தேடலாம். இலையின் நரம்புகள் பசுமையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாயிற்றா? அங்ஙனமாயின், கட்டட இடிபாட்டுச் சுண்ணமும் சிமெண்டும் கலந்து மண்ணின் காரத்தன்மை மிகுந்து, இரும்புச்சத்தை வேர் பெற இயலாமற் போயிருக்கலாம். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் இயல்பான விரிவு தெரிகிறதா, அன்றி மண்மேடு கழுத்துவரை மூடியுள்ளதா? அண்மையில் அருகே பள்ளம் தோண்டினார்களா? நகத்தால் சிறு கிளையின் பட்டையை மெல்லக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? பச்சை தெரிந்தால் அக்கிளையில் உயிர் உண்டு.

இவ்வினாக்கள் அனைத்தையும் கேட்டு முடித்த பின்னர், நம் கேலாங் மேப்பிளுக்குக் கிடைக்கும் விடை வருத்தத்திற்குரியது. பூச்சி இல்லை, பூஞ்சையும் இல்லை. அம்மரத்தின் நோய், அது நிற்கும் இடமே. மேப்பிள், குளிர்நாட்டின் பருவங்களுக்கு ஏற்ப வாழும் மரம். இலையுதிர் காலத்தில் இலைகளைக் களைந்து, குளிர்காலம் முழுதும் உறங்கி, வேனிலில் விழித்துத் துளிர்ப்பது அதன் இயல்பு. சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே உள்ளது. ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரம். வெப்பமும் பெரிதும் மாறுவதில்லை. உறங்க வேண்டிய மரத்திற்கு இங்கே இரவே வருவதில்லை எனலாம். ஓய்வின்றித் துளிர்த்துத் துளிர்த்து, சேமித்த உணவைச் செலவழித்து, அது மெலிந்துபோகிறது. கடும் வெயிலை மறைத்து, நீரை அளந்து ஊற்றி, உரத்தை நிறுத்தினால் சில காலம் தாங்கும். முழுநலம் தரும் மருந்து மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

இவ்விடத்தில்தான் அறவினா கூர்மையடைகிறது. நாம் அம்மரத்தை விரும்பினோமா, அன்றி அதன் செந்நிற இலை நம் முற்றத்தில் இருப்பதை விரும்பினோமா? முன்னது மரத்தின் நலத்தை நாடும் அன்பு. பின்னது நம் கண்ணின் நலத்தை நாடும் ஆசை. இரண்டும் ஒரே குரலில் பேசுவதால் அவற்றைப் பிரித்தறிதல் அரிது. வாங்கும்போதே ‘இது இங்கே வாழுமா?’ என்று கேட்பவரிடம் முன்னது இருக்கிறது. வாடிய பின்னரே கேட்பவர், பின்னதற்கு ஆட்பட்டிருந்தார் என்பது தெளிவு.

வந்த மரமும் இருந்த மரமும்

இதனால், அயல்நிலத்து மரமெல்லாம் இங்கே வாழாது என்று முடிவு கட்டுதல் கூடாது. சிங்கப்பூரின் சாலைகளுக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரம், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து 1876இல் இத்தீவுக்கு வந்தது. மழையும் வெப்பமும் அதன் பிறப்பிடத்தை ஒத்திருந்தமையால் அது வேரூன்றி, இன்று இந்நகரின் அடையாளமாகவே விளங்குகிறது. வேரூன்றுதலுக்கு ஏற்ற மண்ணும் போதிய காலமும் வேண்டும். கேலாங் ஈஸ்ட்டில் இன்று எழுந்து நிற்கும் சிவன் கோயிலும் முன்னர் ஆர்ச்சர்ட் சாலையில் இருந்ததே. பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் அவ்விடத்தை விட்டகன்று, சிராங்கூன் சாலையில் தற்காலிகமாகத் தங்கி, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் குடமுழுக்குக் கண்டது. பத்தாண்டுக் காத்திருப்பும் பலர் உழைப்பும் அவ்விடமாற்றத்திற்கு வேண்டியிருந்தன. பெயர்த்து நட்ட எதற்கும் அத்தகைய பொறுமை தேவை.

மறுபுறம், இம்மண்டலத்துக்கே உரிய மரமும் நோய்க்கு விலக்கன்று. அங்சானா மரத்தை எடுத்துக்கொள்வோம். நம் சங்கப் புலவர் பெரிதும் பாடிய வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது அது. மழைக்குப் பின் ஒரே நாளில் மஞ்சள் மலர்களைச் சொரிந்து நடைபாதையைப் பொன்விரிப்பாக்கும். 1967இல் தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சாலைகளுக்கு விரைவில் நிழல் தேவைப்பட்டது. அங்சானாவின் பெருங்கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டு மரமாகும். ஆகவே அதனை ‘உடனடி மரம்’ என்று கொண்டாடி, சாலை தோறும் நட்டனர்.

ஆயின், அம்மரத்திற்கு ஒரு வாடல் நோய் உண்டு. முன்னரே 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாயாவின் நகரங்களிலும் சிங்கப்பூரிலும் அங்சானா மரங்கள் அந்நோயால் மடிந்திருந்தன. பிற்காலத்தில் அது மீண்டும் தலைகாட்டியபோது, 1990களில் ஆய்வாளர் காரணத்தைத் தேடினர். ‘ஃபியூசேரியம்’ என்னும் பூஞ்சை, நீர் செல்லும் குழாய்களைப் பற்றுவதை அறிந்தனர். நோயுற்ற மரக்கூட்டத்தின் நடுவே மின்னல் தாக்கிய மரம் ஒன்று இருப்பதையும் பலவிடங்களில் கண்டனர். இத்தீவிலோ ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி முழங்குகிறது. மின்னலால் நலிந்த மரத்தை வண்டுகள் துளைக்கின்றன, பூஞ்சை உட்புகுகிறது, பின்னர் ஒன்றோடொன்று கலந்த வேர்களின் வழியே அடுத்த மரத்தைச் சேர்கிறது. கிளை நட்டு வளர்த்தவற்றுள் ஒரு தாய்மரத்தின் மக்கள் பலவாதலின், ஒன்றின் வலுக்குறைவே மற்றவற்றின் வலுக்குறைவும் ஆகிறது. விரைவை விரும்பி ஒரே இனத்தை வரிசையாக நட்டதும் நோய் பரவுதற்கு வழி செய்தது. இலையைப் பார்த்து மருந்து தெளித்தவர் இக்காரணத்தை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்.

இவ்வகை வாடல் நோயில் சிந்திக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பூஞ்சை பரவாமல் தடுக்க, மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே பசையால் அடைத்துக்கொள்கிறது. பகை நுழையும் வாயிலை அடைத்தபோது உணவு நுழையும் வாயிலும் அடைபடுகிறது. தற்காப்பே தன்னை வாட்டும் நிலை மரத்திற்கும் உண்டு என்பது வியப்பளிக்கிறது.

ஆறாத புண்

மரத்தின் காயத்தைப் பற்றியும் நெடுங்காலம் ஒரு தவறான நம்பிக்கை நிலவியது. கிளையை வெட்டிய இடத்தில் தாரும் சாயமும் பூசினால் புண் ஆறும் என்று உலகெங்கும் எண்ணினர். அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, பல்லாயிரம் மரத்தண்டுகளைப் பிளந்து ஆராய்ந்து, 1970களில் வேறோர் உண்மையை வெளியிட்டார். மனித உடல் போல மரம் தன் புண்ணை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அதனை அப்படியே விட்டுவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. பழம்புண் உள்ளே என்றும் இருக்கும். மேலே பூசும் சாயம் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் ஆய்வு காட்டியது. கிளையின் அடியிலுள்ள வளையத்தைச் சிதைக்காமல் முறையாக வெட்டுதலே மரத்திற்கு நாம் செய்யும் பேருதவி.

அப்படியாயின், இத்தனை காலம் பூசிய சாயம் யாருடைய புண்ணை ஆற்றியது? வெட்டிய கையின் மனப்புண்ணையே ஆற்றியது எனலாம். ‘நான் ஏதோ செய்தேன்’ என்னும் நிறைவுக்காகச் செய்யும் உதவிகள் நம் வாழ்வில் எத்தனை! ஆசிரியர்களாகிய நாம் இதனைச் சிறப்பாக எண்ணுதல் தகும். வகுப்பில் ஒரு மாணவன் வாடுகிறான், மதிப்பெண் குறைகிறது. உடனே கூடுதல் பயிற்சித்தாள் கொடுக்கிறோம். அது பயன்தராவிடின் கண்டிக்கிறோம். வீட்டில் தமிழே கேளாதவனுக்கும், கண்பார்வை மங்கியவனுக்கும், இரவில் உறக்கம் இழந்தவனுக்கும் வெளிக்குறி ஒன்றே: ஏட்டில் எழுதப்படாத விடை. நீர் மிகுந்து வாடும் செடிக்கு மேலும் நீர் ஊற்றுவதைப் போன்றதே காரணம் அறியாது கொடுக்கும் பயிற்சி.

வீழ்த்துவதும் அருளோ?

இறுதியாக, கடினமான வினா ஒன்று எஞ்சுகிறது. நோய் தீராது என்று தெளிந்த பின்னர் மரத்தை வெட்டலாமா? உயிரைக் காப்பதே அறம் எனில், வெட்டுதல் எங்ஙனம் அறமாகும்? சிங்கப்பூரின் பூங்கா, மரச் சட்டம், காப்புப் பகுதிகளில் 1 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை இசைவின்றி வெட்டுதலைத் தடுக்கிறது. 2001இல் தொடங்கிய மரபு மரத் திட்டம் முதுமரங்களைப் போற்றிக் காக்கிறது. மரம் எளிதில் வீழ்த்தத்தக்கது அன்று என்பதை இவை உணர்த்துகின்றன. ஆனால், வாடல் நோய் பற்றிய அங்சானாவை இரக்கத்தால் விட்டுவைத்தால், வேர்வழியே அண்டை மரங்களும் மடியும். ஒன்றின்மேல் காட்டும் இரக்கம் பத்தின்மேல் இழைக்கும் கொடுமையாகிவிடும்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், சிங்கப்பூர்ப் பூமலையில் 270 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த, ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள தெம்புசு மரம் வீழ்ந்து ஒரு பெண்மணி உயிரிழந்தார். முந்திய செப்டம்பரில் அம்மரத்தைச் சோதித்து, நலமாக உள்ளதென்றே கண்டிருந்தனர். கண்ணுக்குத் தெரிந்த பகுதி நலமாக நிற்க, மண்ணுக்குள் கேடு மறைந்திருந்தது. மரத்தைத் தட்டி ஓசை கேட்டும், மெல்லிய ஊசியைச் செலுத்தி உள்வலிமை அளந்தும், ஒலியலையால் உட்பொந்தைக் கண்டும் இன்று சோதிக்கிறார்கள். எனினும் அறிவுக்கு எல்லை உண்டு. அவ்வெல்லையை ஒப்புக்கொண்டு, மீண்டும் மீண்டும் பார்ப்பதும் பொறுப்பின் ஒரு கூறே.

ஆகவே, வெட்டுதல் அறமா என்ற வினாவிற்கு ஒரே விடை கூறுதல் இயலாது. எந்நிலையில் வெட்டுகிறோம் என்பதே அதனைத் தீர்மானிக்கும். காரணம் தேடாமல், குப்பை விழுகிறது என்றோ பார்வையை மறைக்கிறது என்றோ வெட்டுவது கொலை. நோயைத் தெளிந்து, தணிக்கும் வழிகளை எல்லாம் ஆராய்ந்து, பிற உயிர்களின் நலத்தையும் நிறுத்துப் பார்த்து, வேறு வழியின்மை கண்டு வெட்டுவது கடமை. வெளியிலிருந்து காண்பவர்க்கு இரண்டும் ஒரே வாளொலியாகக் கேட்கும். வேறுபாடு வெட்டுவதற்கு முன் செலவிட்ட சிந்தனையில் உள்ளது. கேலாங் மேப்பிளைப் பொறுத்தவரை வெட்டும் தேவையும் இல்லை. நிழலில் வைத்து, இயன்றவரை காத்து, அது மடியும் நாளில் அத்தொட்டியில் இம்மண்ணின் வெப்பத்தை விரும்பும் கறிவேப்பிலையையோ செம்பருத்தியையோ நட்டால், அம்மரம் கற்பித்த பாடம் வீணாகாது.

அன்பு கண்ணில்லாதது என்று சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். நோயுற்ற மரத்தின்முன் அப்பெருமை செல்லாது. அங்கே கண்ணில்லாத அன்பு, நஞ்சு கலந்த நீராகவும் வேரைக் கருக்கும் உரமாகவும் மாறிவிடுகிறது. பார்த்தல், வினவுதல், காத்திருத்தல் ஆகியவற்றை அன்பின் குறைவாக எண்ணாமல் அன்பின் முதற்பணியாகக் கொள்ளுதல் வேண்டும். நாளைக் காலையில் முற்றத்துச் செடியொன்று வாடியிருப்பின், நீர்க்குவளையை எடுக்கும் முன் அதன் மண்ணை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்போமாக. ஈரமா, வறட்சியா என்று அறிய முற்படும் அந்த ஒரு நொடியிலேயே அறம் தொடங்குகிறது.